குறை எழுதும் கட்டம்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. அதை மறைத்து வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்று நாலு வருசமாகிறது. சீனி வருத்தம் வந்தது, முழங்கால் வலி வந்தது, தலைமுடி போனது. பொறாமை மட்டும் எங்கேயும் போகவில்லை. போன வாரம் அது மறுபடி எழுந்து உட்கார்ந்தது. எழுப்பிவிட்டவள் தர்ஷினி.

தர்ஷினி எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் உதவி டீமேக்கர். பலாங்கொடைப் பக்கத்துப் பிள்ளை. அங்கே டீமேக்கராக இருந்த நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருசம் முன்னால் வேலைக்குச் சேர்ந்தவள். போன திங்கட்கிழமை றக்வானை டவுனில் இருக்கும் என் வீட்டுக்குக் கையில் ஒரு பைலோடு வந்தாள்.

"சேர், நான் எம்.பி.ஏ.க்குப் போட்டிருக்கேன். வேலை செய்றவங்களுக்குன்னு சனி, ஞாயிறுல நடத்துறாங்களே, அது. இந்தப் பாரத்த நீங்கதான் நிரப்பித் தரணும்."

"இப்ப இருக்கிற டீமேக்கர் இருக்காரே, அவர்கிட்டக் கேக்கலியா?"

"அவங்க குடுத்துட்டாங்க. ரெண்டு பேர் குடுக்கணும் சேர். எனக்கு மேல இருந்து என் வேலையப் பார்த்தவங்களா இருக்கணுமாம். வியாழக்கெழம வந்து எடுத்துக்கிறேன்."

தேத்தண்ணி குடித்தாள், முழங்காலை விசாரித்தாள், போய்விட்டாள். எங்கள் தோட்டத்தில் இப்போது மூன்று பேர் இந்தப் படிப்புக்குப் போகிறார்கள். இவள் நாலாவது. தொழிற்சாலை ஆட்கள் வெள்ளிக்கிழமை ஆனால் லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு கொழும்பு பஸ்ஸுக்கு ஓடுவது இன்றைக்குச் சாதாரணமாகிவிட்டது. எனக்குத்தான் இன்னும் சாதாரணமாகவில்லை.

பாரத்தைத் திறந்து பார்த்தேன். பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் பார்த்த அதே பாரம். நாலு கட்டம். விண்ணப்பதாரரை எவ்வளவு காலமாகத் தெரியும், அவருடைய திறமைகள் என்ன, அவருடைய குறைகள் என்ன, அவரைச் சிபாரிசு செய்கிறீர்களா. மூன்றாம் கட்டம் சின்னது, இரண்டு வரிக்குத்தான் இடம். அதைப் பார்த்ததும் பாரத்தை மூடி வைத்தேன். ஏனென்றால் அதே கட்டத்தில் முன்பு ஒருவனைப் பற்றி நான் ஒரு வரி எழுதியிருக்கிறேன்.

அந்த ஒருவன் ரவிச்சந்திரன்.

அவனைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான ஏ.எல். எழுதிவிட்டுத் தொழிற்சாலைக்குள் போனேன், முப்பத்திநாலு வருசம் கழித்து வெளியே வந்தேன். கொழுந்தை இரவு முழுக்க வாட்டுவோம். விடிகாலையில் ரோலரில் உருட்டுவோம். உருட்டி உடைத்துச் சலித்த இலைக்கு டூல் என்று பெயர். சலிப்பில் நின்றதை மறுபடி மறுபடி உருட்டுவதால் முதலாம் டூல், இரண்டாம் டூல், மூன்றாம் டூல் என்று வரும். டூலை மேசையில் பரப்பி வைத்தால் பச்சை நிறம் மெல்ல மெல்லப் புதுச் செப்புக்காசு நிறத்துக்கு வரும். அந்த நிறம் வந்து, ஒருவகைப் பழவாசம் எழும்பும்போது டிரையருக்குள் போட்டுவிட வேண்டும். முந்தினால் தேத்தண்ணி பச்சையாகக் கடிக்கும். பிந்தினால் உயிரே இருக்காது. கடிகாரமும் வெப்பமானியும் உதவும். ஆனால் எங்கள் மலையில் ஒரே நாளில் மூன்று தரம் மழை, வெயில், மூடுபனி மாறி மாறி வரும், அதற்குக் கடிகாரத்தில் வழியில்லை. ஆகவே டீமேக்கர் வருவார். ஒரு பிடி டூலை எடுத்து அமுக்கி மூக்குக்குப் பக்கத்தில் பிடிப்பார். பிறகு "போடு" என்பார். அந்தச் சொல் வராமல் எங்கள் டிரையர்காரர் பெருமாள் ஒரு தட்டைக்கூட உள்ளே தள்ள மாட்டார். தோட்டத்து மேனேஜரான தொரையே வந்து சொன்னாலும் தள்ள மாட்டார்.

எனக்கு முன்னால் டீமேக்கராக இருந்தவர் ஒரு சிங்களப் பெரியவர். மாத்தயா, அதாவது ஐயா, என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் கீழே பன்னிரண்டு வருசம் உதவியாளாக நின்றேன். ஒரு தரமாவது என்னிடம் "நீ என்ன நினைக்கிறாய்" என்று கேட்டதில்லை. ஒருநாள் அவருக்குக் கடுமையான தடிமல். மூக்கு அடைத்துப் போயிற்று. என்னைக் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னார். நான் பார்த்து "சரி மாத்தயா" என்றேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்று, தன் வாயால் பெருமாளுக்குச் சிங்களத்தில் "தாண்ட", போடு, என்று சொன்னார். மூக்கு என்னுடையது, சொல் அவருடையது. அன்றைக்கு எனக்கு எரிந்த எரிச்சலை யாரிடமும் சொல்லவில்லை. அவர் போய் நான் டீமேக்கரானதும் நானும் அப்படியேதான் நடந்துகொண்டேன், இன்னும் கொஞ்சம் மோசமாக.

ரவி என்னிடம் உதவியாளாக வந்தபோது வெளிவாரிப் பட்டதாரி. தெரணியகலை பஜாரில் அவன் அப்பாவுக்குச் சாமான் கடை. கடையை மூத்தவன் எடுத்துக்கொள்ள, இவன் தேயிலைக்கு வந்தான். கடைக்காரப் பிள்ளைகளுக்கே உரிய பணிவு, வெள்ளைச் சட்டை, மூன்று பாசையும் சரளமாக வரும். முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன், அவன் தரவே இல்லை.

ஒரு வருசத்திலேயே அவன் மூக்கு தேறிவிட்டது. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், டூல் மேசைக்குப் பக்கத்தில் நிற்கும்போது சரியான நேரத்தில் அவனை அறியாமலே அவன் தாடை இலேசாக ஒரு தரம் அசையும். நான் பிடியை எடுப்பதற்கு முன்னாலேயே அசையும். அதைக் கண்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். கவனிக்காத மாதிரி இன்னொரு நிமிசம் சும்மா நின்றுவிட்டு, பிறகுதான் பிடியை எடுப்பேன். ஒரு நிமிசத்தில் தேயிலைக்கு ஒன்றும் ஆகிவிடாது. அவனுக்கு ஆகட்டும் என்றுதான்.

நான் லீவு போடுவதே அபூர்வம். போட்டாலும் ரவி எனக்குப் போன் பண்ணி நிறம், வாசம் எல்லாம் சொல்ல வேண்டும், நான் கேட்டுவிட்டுப் "போடு" சொல்ல வேண்டும், அதை அவன் பெருமாளிடம் சொல்ல வேண்டும்.

"வாசத்த எப்பிடிங்க சேர் போன்ல சொல்றது?" என்று ஒரு தரம் கேட்டான்.

"சொல்லத் தெரியலன்னா டீமேக்கர் ஆக ஏலாது தம்பி" என்றேன். என் மச்சான் வீட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, காதில் போனை வைத்துக்கொண்டு, இப்படி அதிகாரம் பண்ணியிருக்கிறேன்.

இப்படி எட்டு வருசம் போயிற்று. அப்போதுதான் கம்பெனியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எங்கள் வட்டாரத்திலிருந்து ஒருவரை, வேலையில் இருந்துகொண்டே செய்யும் எம்.பி.ஏ. படிப்புக்குக் கம்பெனி செலவில் அனுப்புவார்களாம். பட்டமோ, அதற்குச் சமமான தொழில் தகைமையோ, நிர்வாக அனுபவமோ இருக்க வேண்டும். அந்த "தொழில் தகைமையோ" என்ற சொல்லில் நான் தொங்கினேன். என்னிடம் தேயிலைச் சான்றிதழ் ஒன்று இருந்தது. அனுபவம் இருபத்தாறு வருசம் இருந்தது. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். வீட்டில்கூடச் சொல்லாமல் விண்ணப்பித்தேன்.

தொரை கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் தொரை சிங்களவர், தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார். எந்தக் கடிதத்தையும் உடனே வாசிக்க மாட்டார். மேசையில் கவிழ்த்து வைப்பார், அதன் முதுகில் பென்சிலால் தட்டுவார், நம் முகத்தைப் பார்ப்பார். முகத்தில் வாசித்து முடித்த பிறகுதான் கடிதத்தைத் திருப்புவார். அன்றைக்கும் தட்டினார்.

"டீமேக்கர், உங்களுக்கு என்னத்துக்கு இது?"

"படிக்கலாம்னு சேர்."

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னார். "ரவியும் போட்டிருக்கார், தெரியுமா?"

எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரித் தலையாட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை என் பக்கம் தள்ளினார். அந்தக் கண்ணில் இருந்தது இரக்கம் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்குப் பதில் சீக்கிரம் வந்தது. உங்கள் நீண்ட அனுபவத்தை மதிக்கிறோம், ஆனாலும் தகைமை போதாது, வருந்துகிறோம். நல்ல தடித்த தாள். அலுமாரி லாச்சிக்கு விரித்த பேப்பருக்கு அடியில் அதை வைத்துவிட்டேன். நான் விண்ணப்பித்ததே ரவிக்குத் தெரியாது. அதற்குப் பத்து நாள் கழித்து இன்னொரு உறை வந்தது. ரவியின் நேரடி மேலதிகாரி என்ற முறையில் அவனைப் பற்றி நான் இரகசியமாக எழுதித் தர வேண்டிய பாரம். நாலு கட்டம்.

முதல் கட்டமும் இரண்டாம் கட்டமும் ஒழுங்காக எழுதினேன். நேரம் தவறாதவர், நேர்மையானவர், மூன்று மொழியும் தெரிந்தவர். மூன்றாம் கட்டத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். "தனியாக முடிவெடுக்கத் தயங்குவார்." நிர்வாகப் படிப்புக்குப் போகிறவனைப் பற்றி அதைவிடக் கெட்டதாக எழுத முடியாது என்று எனக்குத் தெரியும். பொய்யும் கிடையாது. எட்டு வருசத்தில் அவன் தனியாக ஒரு முடிவும் எடுத்ததில்லை. எடுக்க விட்டது யார் என்று கேட்பதற்கு அந்தப் பாரத்தில் ஒரு கட்டம் இல்லை. உறையை ஒட்டும்போது சந்தோசமாக இருந்தது, ஒளித்து என்ன.

அப்படியும் ரவிக்கு இடம் கிடைத்தது. இந்தக் கடிதங்களையெல்லாம் அவர்கள் வாசிப்பதே இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு இரண்டு வருசம். வெள்ளி பின்னேரம் வேலை முடிந்ததும் ரவி பஸ் ஏறுவான். பெல்மதுளை, இரத்தினபுரி, அவிசாவளை என்று வளைந்து வளைந்து போய்ச் சேர வேண்டும். திங்கள் காலை கண் சிவந்து வந்து நிற்பான். நான் நல்ல மனிதன் மாதிரி விசாரிப்பேன். விசாரிக்காமல் இருக்கவும் முடியவில்லை, பல்வலி உள்ளவன் நாக்கால் அந்தப் பல்லையே தடவிக்கொண்டிருப்பது போல.

"யார் யாரெல்லாம் வாறாங்க ரவி?"

அவன் சொல்லுவான். கேட்டுக் கேட்டு அந்த வகுப்பே எனக்குப் பாடமாகிவிட்டது. ஒரு வங்கி மேனேஜர், கூட்டல் கழித்தலிலேயே வாழ்ந்தவர், புள்ளிவிவரப் பாடத்தில் பெயிலாகி வகுப்பில் கண் கலங்கியவர். கடற்படை அதிகாரி ஒருவர், குழு வேலைக்கு எல்லோரும் ஐந்து நிமிசம் முன்னால் வந்தாக வேண்டும் என்று கட்டளை போடுபவர். ஆடைத் தொழிற்சாலையில் உற்பத்தி மேனேஜரான ஒரு சிங்களப் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், வேலைக்கு வான் வண்டியில் போகும்போதும் வரும்போதும் மட்டுமே படிப்பவர். அரசாங்க ஆஸ்பத்திரியில் பெரிய தமிழ் டாக்டர் அம்மா ஒருவர். மருந்துக் கம்பெனி விற்பனையாட்கள், ரோட்டு இன்ஜினியர்கள், கம்பியூட்டர் வேலைக்காரர்கள் என்று இன்னும் ஒரு கூட்டம். டாக்டருக்கு எதற்கு எம்.பி.ஏ.? அவருக்குக் கழுத்தில் மாட்ட ஏற்கெனவே ஒரு ஸ்டெதஸ்கோப் இருக்கிறதே! எனக்கு ஆத்திரமாக வரும். வீட்டுக்குப் போய் மனைவியிடம் புலம்புவேன். கொஞ்ச நாளில் அவளே தேத்தண்ணி நீட்டும்போது, "என்னங்க, உங்க பேங்க் மேனேஜர் இந்தத் தடவையாவது பாஸாயிட்டாரா?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

அவர்களைப் பற்றி நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். இவர்கள் யாரும் படிப்பு ஆசையில் வரவில்லை. ஒவ்வொருவருக்கும் வேலையிடத்தில் யாரையோ பார்த்து வயிறு எரிந்திருக்கிறது, அதுதான் பஸ் ஏற்றி விடுகிறது. என் வயிறும் எரிந்தது. எனக்குப் பஸ்தான் கிடைக்கவில்லை.

இரண்டாம் வருசம் அவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு வேலையிடத்தைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டியிருந்தது. தலைப்பு, ஒரு நிறுவனத்தில் முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பது. ரவி தொரையிடம் அனுமதி வாங்கி எங்கள் தொழிற்சாலைக்கே அழைத்து வந்தான். ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வான் வந்து நின்றது. வங்கி, கடற்படை, ஆடைத் தொழிற்சாலை, ஆஸ்பத்திரி என்று என் மனப்பாடமெல்லாம் ஒவ்வொன்றாக இறங்கியது. நான் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தேன்.

ரவி விளக்கம் சொல்ல வாயெடுத்தான். "நீங்க போய் நாலு கதிரை போடச் சொல்லுங்க ரவி" என்றேன். அதற்குப் பிறகு முழுக்க நான்தான். வாட்டிய கொழுந்தைக் கையில் கொடுத்து உருட்டச் சொன்னேன். பிடியை விட்டதும் உருண்டை மெதுவாக அவிழ வேண்டும், பட்டென்று விரிந்தால் வாட்டம் போதாது. கடற்படைக்காரர் கசக்கிச் சட்னியாக்கிவிட்டார், எல்லோரும் சிரித்தார்கள். வங்கி மேனேஜர் தூசிக்குத் தும்மிக்கொண்டே குறிப்பெடுத்தார். இவ்வளவு படித்தவர்கள் என் வாயைப் பார்த்து எழுதுகிறார்கள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலாம் டூல், இரண்டாம் டூல் எல்லாம் அவர்கள் முன்னாலேயே முகர்ந்து பார்த்துப் "போடு" சொன்னேன். மூன்றாம் டூல் மேசையில் கிடந்தது.

"இதை எப்பிடிங்க படிச்சீங்க?" என்று டாக்டர் அம்மா கேட்டார். கேட்டதுதான் தாமதம், மாத்தயா கதையை ஆரம்பித்துவிட்டேன்.

நடுவில் ரவி வந்தான். "சேர், மூணாம் டூல்..."

"பேசிக்கிட்டு இருக்கேன்ல."

போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்து பேசாமல் நின்றான். அவன் தாடை அசைந்ததைக் கண்டேன். தன் கூட்டாளிகள் முன்னால் என்னை முந்தப் பார்க்கிறான் என்று நினைத்தேன். கையால் விலகச் சொன்னேன். அந்தப் பக்கம் பெருமாள் டிரையர் வாயருகே தட்டைப் பிடித்தபடி இரண்டு தரம் செருமினார். நான் தடிமல் பிடித்த மாத்தயாவைப் போல மூக்கை உறிஞ்சிக் காட்டி, எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தபோது செம்பு நிறம் போய் மேசை முழுக்க மண்நிறமாகக் கிடந்தது. பிடியை எடுக்க முன்னாலேயே தெரிந்துவிட்டது. பழவாசம் இல்லை, ஊறிய கடதாசி வாசம்தான். இத்தனை வருசத்தில் என் கையில் இப்படி ஆனதில்லை. ரவியையும் சேர்த்து ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிடியை எடுத்தேன். அமுக்கினேன். மூக்கருகில் கொண்டுபோய்க் கண்ணை மூடினேன். சரியாக இதுதான் நேரம் என்பது போல, எப்போதும் சொல்லும் அதே குரலில், "போடு" என்றேன்.

பெருமாள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். ரவி மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆடைத் தொழிற்சாலைப் பெண் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மாத்தயா, முந்தின ரெண்டையும்விட இதுக்கு முக்கால் மணித்தியாலம் கூடப் போச்சே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"மழைக்காலம் நோனா. அப்பிடித்தான்."

அவர் ரவியைத் திரும்பிப் பார்த்தார். ரவி குனிந்து மேசையோரத்தில் சிந்தியிருந்த டூலைக் கூட்டினான்.

மதியம் என் குவாட்டர்ஸில் சாப்பாடு. பலாக்காய்க் கறிக்கும் கருவாட்டுக்கும் எல்லோரும் அடங்கிப் போனார்கள். டாக்டர் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கேட்டேவிட்டேன், உங்களுக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று.

அவர் சிரித்தார். "எனக்குப் பின்னால வந்தவரைப் பணிப்பாளராப் போட்டாங்க. எனக்குத் தாங்க முடியல. ஆறு மாசம் அவரோட முகம் குடுத்துப் பேசல. அப்புறம் எனக்கே அசிங்கமாப் போச்சு. சண்டை பிடிக்கிறதுக்குப் பதிலாப் படிச்சிடலாம்னு வந்துட்டேன்."

என் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அதில் எனக்குப் பெருமை வரவில்லை. இந்த அம்மாவுக்கும் எனக்கும் ஒரே வியாதி. அவர் அதை ஒரு உறவுக்காரரிடம் சொல்வது போலச் சொல்லிச் சிரித்துவிட்டுக் கருவாட்டைக் கடித்தார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

திங்கள் காலை பதினொரு மணிக்கு வழக்கம்போல் ருசி பார்ப்பது. ஒவ்வொரு டூலின் தேயிலைக்கும் ஒரு வெள்ளைக் கோப்பை, வரிசையாக வைத்து, கொதிநீர் ஊற்றி, நேரம் பார்த்து வடித்து வைப்போம். தொரை பெரிய கரண்டியால் அள்ளிச் சத்தமாக உறிஞ்சுவார், வாயில் சுழற்றுவார், துப்புவார். அடுத்த கோப்பை. பேச மாட்டார். நானும் ரவியும் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்போம். சனிக்கிழமையின் மூன்றாம் கோப்பையில் அவர் கரண்டி நின்றது. மறுபடி அள்ளினார். துப்பினார்.

"இது செத்த தேத்தண்ணி. டீமேக்கர், என்ன நடந்தது?"

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் ரவி பேசினான்.

"நேரம் தெரிஞ்சிச்சு சேர். நான் சொல்லல."

அவன் சொன்னது முழு உண்மை. ஆனால் தொரைக்கு அது வேறு மாதிரி விளங்கியது. சனிக்கிழமை ரவி தன் கூட்டாளிகளோடு நின்று பராக்குப் பார்த்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டார். பென்சிலை எடுத்து மேசையில் தட்டினார். "கொழும்புல பெரிய பெரிய மெனேஜ்மென்ட் படிக்கிறாங்க. இங்க ஒரு டூல் பாக்க ஏலாது. அபராதே!" என்றார். எல்லாம் வீண் என்பதைச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பிறகு என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். நான் கரண்டியை எடுத்துத் துடைத்தேன். இதில் வெட்கம் என்னவென்றால், அந்த நிமிசத்தில் எனக்குள் ஒரு மூலையில் குளிர்ந்தது. நல்லா வாங்கட்டும் என்றிருந்தது.

அந்த வருசம் பக்கத்துத் தோட்டத்தில் டீமேக்கர் இடம் காலியானது. ரவிக்கு வரவேண்டியது. தொரை அவன் பைலில் ஏதோ எழுதினார், வேறொருவருக்குப் போய்விட்டது. ரவி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படிப்பை முடித்தான், பட்டம் வாங்கினான், வேறு கம்பெனிக்குப் போனான். இன்றைக்கு நாலைந்து தொழிற்சாலைகளுக்கு மேலே இருக்கிறான். போகிற அன்று ஸ்டாப் எல்லோரும் சேர்ந்து வைத்த விருந்தில், "எனக்குத் தேயிலை தெரியுதுன்னா அது சேர் பக்கத்துல நின்னதாலதான்" என்று சொல்லி என் கையைப் பிடித்தான். நான் கையை எப்படா விடுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் ஆறு வருசம் டீமேக்கராக இருந்தேன். அந்த மூன்றாம் டூலைப் பற்றிப் பெருமாளிடம்கூடப் பேசவில்லை.

வியாழக்கிழமை தர்ஷினி வந்தாள். முதல் இரண்டு கட்டத்தையும் நாலாம் கட்டத்தையும் நிரப்பி வைத்திருந்தேன். நல்லதாகவே எழுதியிருந்தேன், அந்தப் பிள்ளை கெட்டிக்காரி. மூன்றாம் கட்டம் வெறுமையாக இருந்தது.

"ஒனக்கு என்ன குறை இருக்குன்னு எழுதுறது?" என்றேன்.

"ஐயோ, எத்தனையோ இருக்கு சேர். எதையாச்சும் எழுதுங்க." பிறகு கொஞ்சம் தயங்கினாள். "ரவிச்சந்திரன் சேர்தான் உங்ககிட்ட வாங்கச் சொன்னாங்க."

"எந்த ரவிச்சந்திரன்?"

"உங்ககிட்ட இருந்தவங்கதான். அவங்க இப்ப சனி, ஞாயிறுல அங்க வகுப்பு எடுக்கிறாங்க, இன்டர்வியூ போர்டுலயும் இருக்காங்க. போன மாசம் எங்க கம்பெனிக்கு இந்தப் படிப்பப் பத்திப் பேச வந்தாங்க. முடிஞ்சதும் நான் போய்ப் பேசினேன். எந்தத் தோட்டம்னு கேட்டாங்க. சொன்னதும், 'அப்ப பழைய டீமேக்கர்கிட்ட ஒரு கடிதம் வாங்கு'ன்னாங்க."

"ஏனாம்?"

"'அவர் எனக்கும் எழுதினாரு'ன்னாங்க. இன்டர்வியூல அதுல ஒரு வரிய வாசிச்சுக் காட்டி, என்ன சொல்றீங்கன்னு கேட்டாங்களாம். முடிவெடுக்கத் தயங்குவார்னோ என்னமோ. அதுக்கு ரவி சேர் சொன்னாங்களாம், 'உண்மைதான். எனக்கு நேரம் தெரியும், ஆனா வாயத் தொறந்து சொன்னதில்ல. அதப் படிக்கத்தான் வந்திருக்கேன்'னு. அந்தப் பதில்லதான் சீட் கெடச்சிச்சாம். சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. இரண்டு வருசம் திங்கட்கிழமை தோறும் வங்கி மேனேஜர் கதையை எனக்குச் சொன்னபோது தெரியும். மூன்றாம் டூலுக்கு வந்து நின்றபோது தெரியும். ருசி மேசையில், "நான் சொல்லல" என்று சொன்னபோதும் தெரியும். என் வரியைத்தான் அவன் அன்றைக்குத் தொரை முன்னால் எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறான், நான் கரண்டி துடைத்துக்கொண்டிருந்தேன். நான் கெடுக்க எழுதியதைக்கூட அவனுக்குச் சீட்டாக மாற்றிக்கொண்டிருக்கிறான். அப்போதும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். பிறகுதான் மற்றது வந்தது.

"ஒரு பத்து நிமிசம் இரு. தேத்தண்ணி குடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

மூன்றாம் கட்டத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். இவரிடம் நான் குறை எதுவும் காணவில்லை. முன்பொருவரைப் பற்றி இதே கட்டத்தில், தனியாக முடிவெடுக்கத் தயங்குவார் என்று எழுதினேன். அவரைத் தயங்க வைத்தவன் நான். ஒரு சனிக்கிழமை மூன்றாம் டூல் கெட்டதும் என்னால்தான், அவர் இரண்டு தரம் வந்து நின்றார். தர்ஷினிக்கு மேலே நானும் அதிகாரியாக இருந்திருக்கிறேன். அவள் எங்காவது தயங்கினால் அதையும் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போட்டேன். உறையை எடுத்தவன் மறுபடி பாரத்தைப் பிரித்தேன். கையெழுத்துக்குக் கீழே தமிழில் ஒரு சொல் எழுதினேன். போர்டில் உட்காரும் மற்றவர்கள் இது என்ன என்று புருவத்தைச் சுருக்குவார்கள். ரவி அவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பத்து வருசம் என் பக்கத்தில் நின்று, நேரம் தெரிந்தும் வாய் திறக்காமல், என் வாயிலிருந்து வரட்டும் என்று அவன் காத்திருந்த சொல்.

"போடு."